அண்ணாச்சியும் நானும் பேசாமல் இருந்தது

என் வேலை என்னவென்று யாராவது கேட்டால் பதில் சொல்வதற்குள் எனக்கே குழம்பிவிடும். காலையில் தூத்துக்குடியில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியின் பொது ஓ.பி.யில் இருப்பேன். மத்தியானத்துக்கு மேல் ஒரு கல்லூரியில் உளவியல் முதுகலைப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பேன். ஆஸ்பத்திரியில் என்னை டாக்டரம்மா என்கிறார்கள். நான் டாக்டர் இல்லை, ஒரு தலைவலி மாத்திரைகூட எழுதித் தர எனக்கு உரிமை கிடையாது. எங்கள் ஊரான நாசரேத்தில் இருக்கிற என் சொந்தக்காரர்கள் தங்களுக்குள் 'பைத்தியத்துக்குப் பாக்கிற வேலை' என்று சொல்லிக்கொள்வார்கள், என் முன்னால் மட்டும் 'கவுன்சிலிங்' என்பார்கள். திருத்தித் திருத்திப் பார்த்து அலுத்துப்போய் விட்டுவிட்டேன்.

ஏற்பாடு இதுதான். மனசு சரியில்லை, அதற்கான டாக்டரிடம் போ என்றால் எங்கள் பக்கத்தில் யாரும் போக மாட்டார்கள். தெரிந்தவர் கண்ணில் பட்டுவிட்டால் வீட்டில் நடக்க வேண்டிய கல்யாணம் நின்றுபோகும் என்று பயம். ஆனால் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் முதுகுவலிக்கும் கூட்டம் கூட்டமாக வருவார்கள். அதனால் அவர்கள் வருகிற இடத்திலேயே நானும் உட்கார்ந்திருக்கிறேன். டாக்டர் அறைக்கும் என் அறைக்கும் நடுவில் ஒரு கதவு. டாக்டர் என்னைவிட வயதில் இளையவள், படபடவென்று பேசுகிறவள். நோயாளியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இந்த வியாதிக்குப் பின்னால் வேறு என்னமோ இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றினால், எழுந்து வந்து நடுக்கதவைத் திறப்பாள். "இவங்க நம்ம அக்காதான், கொஞ்ச நேரம் பேசிட்டு வாங்க" என்று கையைப் பிடித்து என் முன்னால் உட்காரவைத்துவிட்டுப் போய்விடுவாள். உப்பளத்தில் கால் வெந்துபோன பெண்கள், துறைமுகத்துக்கு லாரி ஓட்டுகிறவர்கள், கருப்பட்டி சர்க்கரையை ஏற்றாது என்று சத்தியம் செய்கிற பெரியவர்கள், எல்லாரும் அந்தக் கதவு வழியாகத்தான் என்னிடம் வந்தார்கள்.

அந்த அறை முன்பு ஆஸ்பத்திரியின் ஜெப அறையாக இருந்தது. ஜெப அறையை மாடிக்கு மாற்றிவிட்டு எனக்குக் கொடுத்தார்கள். சுவரில் தொங்கிய பைபிள் வசனக் காலண்டரைக் கழற்றலாமா என்று கேட்டேன். ஆபீசில் இருந்தவர் என்னைப் பார்த்த பார்வையில், நான் ஞானஸ்நானம் வாங்கியவள்தானா என்று சந்தேகம் தெரிந்தது. காலண்டர் அங்கேயே இருந்தது.

நான் ஞாயிறு ஆராதனைக்குத் தவறாமல் போகிறவள்தான். ஆனால் அந்த அறைக்குள் யாருக்கும் ஜெபம் பண்ணுவதில்லை என்று ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தேன். வருகிறவர்களில் இந்து உண்டு, முஸ்லிம் உண்டு, கடற்கரைக் கத்தோலிக்கர் உண்டு. உடம்பு முடியாமல் வந்து நிற்கிறவர் முன்னால் என் சாமியைக் கொண்டுபோய் நிறுத்துவது மரியாதை இல்லை என்பது என் எண்ணம். வகுப்பிலும் அதைத்தான் சொல்லிக்கொடுத்தேன். வருகிறவருக்கு நாம் என்ன செய்கிறோம் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவர் அதற்குச் சம்மதித்திருக்க வேண்டும் என்று முதல் வாரத்திலேயே கரும்பலகையில் எழுதிப் போட்டுவிடுவேன்.

இரண்டாவதாக நான் சொல்லிக்கொடுப்பது, பேசாமல் இருப்பது. எதிரே இருப்பவருக்குப் பேச்சு வரவில்லை என்றால் நாம் முந்திக்கொண்டு பேசி நிரப்பக் கூடாது. எங்கள் பக்கத்து ஆட்களை முகத்துக்கு நேராகப் பார்த்துக்கொண்டே இருந்தால் கூசிப்போவார்கள், அதனால் மேசையைப் பார்க்க வேண்டும். நான் கைகளைக் கோத்து மேசைமேல் வைத்துக்கொண்டு, தலையைக் கொஞ்சம் தாழ்த்தி, கண்ணைப் பாதி மூடியபடி உட்காருவேன். அப்படி உட்கார்ந்து எத்தனையோ பேரைப் பேசவைத்திருக்கிறேன். இதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

அண்ணாச்சி வந்தது ஒரு வெயில் காலத்தில். துறைமுகம் போகிற ரோட்டில் பலசரக்குக் கடை வைத்திருந்தார், பூர்வீகம் ஓட்டப்பிடாரம் பக்கம். ஐம்பது தாண்டிய ஆள், வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, வலது காலில் கட்டு. உள்ளங்காலில் புண். சர்க்கரை மாத்திரைக்கு அடங்கவில்லை. இன்சுலின் ஊசி போட்டே ஆக வேண்டும், இல்லையென்றால் காலை எடுக்கும்படி ஆகும் என்று டாக்டர் அவர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாள். அவர் தலையை ஆட்டிவிட்டு ஊசி மருந்தை வாங்கிப் போய்க் கடை பிரிட்ஜில் பால் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். அதோடு சரி. அடுத்த வாரம் புண்ணுக்கு மருந்து வைக்க வந்தபோது, ஊசி போட்டீங்களா என்று கேட்டதற்கு "வேண்டாம்மா" என்றார். ஏன் என்றதற்குப் பதில் இல்லை. டாக்டர் கோபத்தோடு நடுக்கதவைத் திறந்தாள்.

"ஊசின்னா பயமா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"பயம்லாம் இல்ல."

"வீட்டுல யார் யார் இருக்காங்க?"

"நானும் வீட்டம்மாவும்."

அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. நான் வழக்கம்போலக் கையைக் கோத்துக்கொண்டு மேசையைப் பார்த்தேன். அவரும் தலையைக் குனிந்துகொண்டார். மின்விசிறிச் சத்தம் தவிர ஒன்றுமில்லை. மனுஷன் எதையோ திரட்டுகிறார், குறுக்கே போகக் கூடாது என்று காத்திருந்தேன். ரொம்ப நேரம் கழித்து அவர் பெருமூச்சு விட்டார். நான் நிமிர்ந்தேன். "அப்போ வாரேம்மா" என்று எழுந்து போய்விட்டார்.

அடுத்த வாரமும் அதேதான். அதற்கடுத்த வாரமும் அதேதான். அவரே வந்து உட்காருவார், நலம் விசாரிப்பார், அப்புறம் நாங்கள் இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டு இருப்போம். இந்த மனுஷன் வாய் திறப்பதற்குள் கால் போய்விடுமோ என்று பயந்தேன். வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

ஒருநாள் டாக்டர் நடுக்கதவைத் தட்டாமலே திறந்துகொண்டு வந்தாள்.

"அக்கா, சுகர் இறங்கியிருக்கு! ஊசி போடுதாராம். காலையும் ராத்திரியும் ஒழுங்கா போடுதாராம். அப்படி என்ன பேசுனீங்க?"

"ஒண்ணுமே பேசல" என்றேன்.

தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டு சிரித்துவிட்டுப் போனாள். அன்று மத்தியானம் வகுப்பில் மௌனத்தின் பலம் பற்றி நான் எடுத்த பாடத்தை இப்போது நினைத்தால் காது சூடாகிறது. பிள்ளைகள் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டார்கள்.

அடுத்த முறை அண்ணாச்சி வந்தபோது ஆசையாகவே கேட்டேன், ஊசி போட எப்படி மனசு வந்தது என்று.

அவர் வெட்கப்பட்டார். "நீங்க எனக்காக உங்க சாமிகிட்ட வாரா வாரம் மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கிய. தலை நிமிராம ஜெபம் பண்ணுதிய. நான் பாட்டுக்கு ஊசியும் போடாம வந்து உக்காந்தா, உங்க சாமி உங்களைப் பத்தி என்ன நெனைப்பாரு? அவரு முன்னால உங்க மரியாதை கெட்டுப்போவும்லா."

பழக்கதோஷத்தில் மேசையைப் பார்த்தேன். அண்ணாச்சி உடனே தலையைக் குனிந்துகொண்டார்.

இது எனக்கு ஏன் முன்னாலேயே தோன்றவில்லை என்று கேட்கலாம். எங்கள் குடும்பம் சத்தமாக ஜெபிக்கிற குடும்பம். அப்பா, அம்மா, சித்தப்பா, எல்லாரும் வாத்தியார்கள், எல்லாருக்கும் வகுப்பறைக் குரல். எங்கள் வீட்டுக் கஷ்டமெல்லாம் பக்கத்து வீட்டுக்கு எங்கள் ஜெபத்திலிருந்துதான் தெரியவரும். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் தூக்கம் என்றுதான் எங்கள் வீட்டில் அர்த்தம். அதைப் போய் ஒருத்தர் ஜெபம் என்று நினைப்பார் என்பது என் புத்திக்கு எட்டவில்லை.

டாக்டரிடம் சொன்னேன். முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் முகம் மாறியது. "சொல்லிறாதீங்கக்கா. கால் நிக்கட்டும். மத்ததெல்லாம் பொறவு பாத்துக்கலாம்."

ஆள் யாரென்று தெரியாதபடி மாற்றி வகுப்பிலும் சொல்லிக் கேட்டேன். ஒரு மாணவி, "மருந்து போடுறார்ல மேடம், விட்டிருங்க" என்றாள். இன்னொருத்தி எழுந்து, "என்ன செய்யுறோம்னு வந்தவங்களுக்குத் தெரியணும்னு நீங்கதானே மேடம் சொன்னீங்க?" என்றாள். நல்ல கேள்வி என்றேன். வாத்தியாருக்குப் பதில் தெரியாதபோது சொல்கிற வார்த்தை அது. பிள்ளைகளுக்கும் அது தெரியும்.

அதன் பிறகு வந்த வாரங்களில் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பேசாமல் இருந்தால் அது பொய். பேசினால் அவர் கையை உயர்த்தி, "மொதல்ல அதை முடிச்சிருங்கம்மா, பொறவு பேசுவோம்" என்பார். சரி, உண்மையாகவே ஜெபித்துவிட்டால் பொய் இல்லாமல் போய்விடுமே என்று ஒரு வாரம் முயன்று பார்த்தேன். ஆண்டவரே, இந்த அண்ணாச்சிக்கு, என்று மனசுக்குள் ஆரம்பித்து அங்கேயே நின்றுவிட்டேன். காலைக் கேட்பதா? அது இன்சுலினால் ஆறிக்கொண்டுதானே இருக்கிறது. இவரிடம் உண்மையைச் சொல்லத் தைரியம் கேட்பதா? கொடுத்துவிட்டால் என்ன செய்வது? நடுவில், போகும்போது மீன் வாங்க வேண்டும் என்று ஞாபகம் வந்தது. இந்த வாரம் செய்த ஜெபம் போன வாரங்களுக்கும் சேர்த்துக் கணக்காகுமா என்று வேறு ஒரு யோசனை. நான் அறைக்குள் வைத்திருந்த கட்டுப்பாட்டையும் மீறினேன், ஜெபத்தையும் ஒழுங்காகச் செய்யவில்லை. என் மேலேயே எனக்கு எரிச்சலாக வந்தது.

அண்ணாச்சியோ சந்தோஷமாக இருந்தார். புண் ஓரத்திலிருந்து ஆறிக்கொண்டு வந்தது. ஒருநாள் அவர் தன் மச்சினனையும் கூட்டிக்கொண்டு நேராக என் அறைக்கே வந்துவிட்டார். டாக்டரிடம் போகவில்லை. மச்சினன் நெஞ்சைத் தடவிக்கொண்டு வேர்த்து ஒழுகிக்கொண்டு நின்றார்.

"காலையில இருந்து நெஞ்சு ஒரு மாதிரியா பிசையுதுங்கான். டாக்டர்ட்ட அப்புறம் போவோம், மொதல்ல அம்மாட்ட ஒரு தடவ உக்காந்துட்டுப் போயிருவோம்னு இழுத்துட்டு வந்தேன்" என்றார் அண்ணாச்சி பெருமையாக.

நான் போட்ட சத்தத்தில் நடுக்கதவு தானாகவே திறந்தது. மச்சினனைப் படுக்கவைத்து, இ.சி.ஜி. எடுத்து, ஆம்புலன்ஸ் வரவழைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தாள் டாக்டர். பிழைத்துக்கொண்டார். எல்லாம் முடிந்த பிறகு டாக்டர் என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, அவர்கிட்ட சொல்லிருங்க."

"நீதானே சொல்லாதேன்ன?"

"இப்ப சொல்லுங்கன்னு சொல்லுதேன்."

அண்ணாச்சி உண்மை தெரிந்து ஊசியை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை. புண் இன்னும் முழுதாக ஆறவில்லை. இப்போது விட்டால் பழையபடி திறந்துகொள்ளும், அப்புறம் காலைக் காப்பாற்ற முடியாது என்று மட்டும் சொன்னாள். அது எனக்கும் தெரிந்ததுதான்.

அடுத்த வாரம் அண்ணாச்சி வந்து உட்கார்ந்ததும், அவர் தலையைக் குனிவதற்குள் சொல்லிவிட்டேன். "அண்ணாச்சி, நான் ஜெபம் பண்ணல. இத்தன நாளும் பண்ணல. இந்த ரூம்ல நான் யாருக்கும் பண்ணுறதில்ல."

அவர் என்னையே பார்த்தார்.

"அப்போ தலையக் குனிஞ்சுக்கிட்டு என்னதான் பண்ணுனிய?"

"நீங்க பேசுவீங்கன்னு காத்துக்கிட்டு இருந்தேன்."

"நானா?" என்றார். "நீங்க முடிப்பியன்னுல்லா நான் காத்துக்கிட்டு இருந்தேன்? நடுவுல பேசுனா தப்பாச்சேன்னு வாயைப் பொத்திக்கிட்டு இருந்தேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை. நான் சிரித்ததற்காக வருத்தப்பட்டேன். அவர் கட்டுப்போட்ட காலைப் பார்த்துக்கொண்டே பேச ஆரம்பித்தார். அவ்வளவு நாள் நான் எதிர்பார்த்திருந்த பேச்சு, நான் கொஞ்சமும் எதிர்பார்க்காத நேரத்தில் வந்தது.

அவருக்கு ஒரு மகள். கல்லூரியில் படிக்கும்போது வேதத்தில் சேர்ந்துவிட்டாள், அதாவது கிறிஸ்தவளாகிவிட்டாள். "வீட்டுல எனக்குத் தெரியக் கூடாதுன்னு சத்தமே போட மாட்டா. சோத்துத் தட்டு முன்னால தலையக் குனிஞ்சுக்கிட்டு, கையைக் கோத்துக்கிட்டு, நீங்க இருக்க மாதிரியே இருப்பா. நானும் பாக்காத மாதிரி இருப்பேன்." அப்புறம் சாத்தான்குளத்தில் ஒரு வேதக்காரப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டாள். அதிலிருந்து பேச்சு கிடையாது. காலில் புண் வந்தது தாய் மூலமாகத் தெரிந்து, கடைக்குப் போன் செய்திருக்கிறாள்.

"உங்க காலுக்காக ஜெபம் பண்ணுதேம்பான்னா. எனக்கு ஆங்காரம் வந்துட்டு. நீ ஜெபம் பண்ணித்தான் எங்காலு நிக்கணும்னா அது நிக்கவே வேண்டாம், போவட்டும்னு சொல்லி போனை வச்சிட்டேன். சொன்ன பொறவு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு ஊசி போட? கால் ஆறிட்டுன்னா அவ ஜெயிச்சிட்டான்னுல்லா ஆவும்."

கடை பிரிட்ஜில் ஊசி மருந்து சும்மா கிடந்ததற்குக் காரணம் அதுதான். அப்புறம் இங்கே வந்திருக்கிறார். முன்பின் தெரியாத ஒரு அம்மா அவருக்காகத் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறாள். கால் நின்றால் அந்த அம்மாவால் நின்றது என்று வைத்துக்கொள்ளலாம், மகளிடம் தோற்க வேண்டியதில்லை. அப்படித் தோன்றிய அன்றைக்கே வீட்டுக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டாராம்.

சொல்லி முடித்துவிட்டு அண்ணாச்சி மெதுவாகக் கேட்டார்.

"அப்போ எனக்காக ஜெபம் பண்ணுனது அவ ஒருத்திதானா?"

இன்சுலின், அண்ணாச்சி, இன்சுலின் என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அடக்கிக்கொண்டேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். வாரேன் என்று சொல்லவில்லை.

அடுத்த வாரம் அவர் வரவில்லை. கடைக்குப் போன் செய்தால் எடுக்க ஆளில்லை. அவர் மனைவியின் நம்பரைத் தேடிப் பிடித்துக் கேட்டோம். "கடையப் பூட்டிட்டு எங்கனயோ போயிட்டாவ, எங்கன்னு சொல்லல" என்று அந்த அம்மா அழுதார்கள். ஊசி போடுகிறாரா என்று கேட்டோம். அவர்களுக்குத் தெரியவில்லை. டாக்டர் என்னைத் திட்டவில்லை, ஆனால் அந்த வாரம் முழுவதும் நடுக்கதவைத் திறக்கவும் இல்லை. வகுப்பில் அன்றைக்கு எழுந்து கேள்வி கேட்ட மாணவி, அந்தக் கேஸ் என்ன ஆச்சு மேடம் என்று கேட்டாள். தெரியாது என்றேன். உண்மையைச் சொன்னதற்காக ஒருவர் கால் போகலாம் என்றால் நான் கரும்பலகையில் எழுதிப் போட்டதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு விளங்கவில்லை. ஒவ்வொரு நாளும் வீட்டுக்குப் போய்ச் சத்தமாக, பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி, அந்தக் காலுக்காக ஜெபித்தேன். அறைக்குள் செய்யாததை வெளியே செய்வது சரியா என்பதும் தெரியவில்லை. பயத்தில் எதுவும் தெரியவில்லை.

அந்த மாதக் கடைசியில் ஒரு காலை, ஓ.பி. வராந்தாவில் கூட்டத்துக்கு நடுவே அண்ணாச்சியைப் பார்த்தேன். இரண்டு காலிலும் செருப்பு போட்டிருந்தார். கட்டு இல்லை. கூட ஒரு பெண், அவர் ஜாடை, கையில் ஊசி மருந்து வைத்த சின்ன ஐஸ் டப்பா. டாக்டரைப் பார்த்துவிட்டு வெளியே வந்திருக்கிறார்கள். என்னைக் கண்டதும் அண்ணாச்சி நின்றார். சிரிக்கவில்லை. மகளின் தோளைத் தொட்டு, வராந்தாவில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"இந்தா பாரு, இவியதான். எனக்காக ஜெபம் பண்ணாத அம்மா."

அது நன்றியா குறையா என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை. அந்தப் பெண் ஐஸ் டப்பாவை அப்பாவின் கையில் கொடுத்துவிட்டு வந்து, என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.